கொல்லையில் நாற்பது குழாய்கள்

என்னோடு ஏழாம் வகுப்பு படித்தவர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், முதலில் உங்களுக்குத்தான் சொல்ல வேண்டும். நம் தெருவை விட்டுக் குழாய் மாமா குடும்பத்தோடு போனாரே, அவரைத் துரத்தியது நான். உங்கள் அப்பாக்கள் இல்லை, போலீஸ் இல்லை, கோயில் முன்னால் கூட்டம் போட்ட பெரிய ஆட்களும் இல்லை. இரட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனுமாக, நாலேகால் அடிகூட இல்லாத நான்.

அப்பா இருந்தவரை இதை எழுத முடியவில்லை. போன ஆடியில் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். எனக்கும் காதோரம் நரைத்துவிட்டது. இனி மறைத்து யாருக்கு என்ன லாபம்?

அந்தப் பட்டாசுச் சீசனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. நம் நோட்டுகளுக்கெல்லாம் அச்சில் பிசகிய காலண்டர் தாளைத்தான் அட்டையாகப் போடுவோம். என் கணக்கு நோட்டில் முருகனுக்கு ஒவ்வொரு முகமும் இரண்டிரண்டாகத் தெரியும், நீல நிறம் மட்டும் ஒரு நூல் விலகி விழுந்திருந்ததால். தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது தெருவில் சும்மா உட்கார்ந்திருந்தவர் யாரும் இல்லை. கம்பெனியில் வேலை முடித்து வந்தவர்கள் வீட்டுக்குள் இன்னொரு ஷிப்ட் பார்த்தார்கள். கம்பெனிக்கு வெளியே வெடிமருந்தைத் தொடக்கூடாது என்பது சட்டம். அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கதவைச் சாத்திக்கொண்டு செய்தார்கள்.

அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். அந்த வேலைக்குத் தனியாகப் பரீட்சை எழுதி ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டும். அவர் வாங்கிய சர்டிபிகேட்டை அம்மா பிளாஸ்டிக் உறையில் போட்டு, பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னால் எல்லோரும் அடுத்தவர் காட்டில் களை பறித்தவர்கள். அந்தத் தாள் போனால் மறுபடியும் காடுதான் என்று அம்மா அடிக்கடி சொல்வாள்.

கம்பெனிக் கட்டடச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். காக்கா எச்சத்தில் விழுகிற விதை ஒரு மழைக்கு வேர் விடும், அடுத்த மழைக்குச் சுவரைப் பிளக்கும். பிளவுக்குள் மருந்துத் தூசி போய்த் தங்கினால் அப்புறம் அந்த அறையில் ஒரு உரசல் போதும். ஆனால் அரசைப் பிடுங்க யாருக்கும் கை வராது. பிள்ளை இல்லாதவர்கள் சுற்றி வருகிற மரம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மருந்து அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்தப் பாவத்தைத் தேடிப் போவார்களா? “அண்ணாச்சி, நீங்களே எடுத்துருங்க” என்று அப்பாவிடம் தள்ளிவிடுவார்கள். பயம் அப்பாவுக்கும் உண்டு. அதனால் பிடுங்கியதை எறியாமல், ஈரத் துணியில் சுற்றி, தூக்குவாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மரத்தைக் கொல்லவில்லை, இடம்தான் மாற்றினேன் என்பது அவருடைய நியாயம்.

இடம் மாற்றிய அரசை எங்கே வைப்பது? வீட்டோரம் வைத்தால் வீடு பிளக்கும். அந்தச் சமயத்தில்தான் கழிவுத் தாள் கட்டில் ஒரு வெளிநாட்டுக் காட்சிக் காலண்டர் வந்தது. ஒரு மாதத் தாளின் மேல்பாதியில் தட்டையான சட்டி, அதில் ஒரு கல், கல்லின் உச்சியில் ஒரு சாண் உயர மரம். வேர்கள் கல்லைக் கவ்விப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் மண்ணுக்கு இறங்கியிருந்தன. அப்பா அதை வெட்டி பீரோக் கதவில் ஒட்டினார். போன்சாய் என்ற வார்த்தை எங்களுக்கு எத்தனையோ வருஷம் கழித்துத் தொலைக்காட்சியில்தான் கேட்கக் கிடைத்தது. எங்கள் வீட்டில் அதற்குக் கல்மரம் என்று பெயர்.

வழி சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, புத்தகமும் இல்லை. அப்பாவும் குழாய் மாமாவும் தாங்களாகவே கெடுத்துக் கெடுத்துப் பழகினார்கள். மாமா அப்பாவுக்குச் சின்ன வயசிலிருந்து கூட்டாளி. ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தெருக் கடைசியில் மாமாவுக்கு ஒரு தகரக் கொட்டகை. அதில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பழைய செய்தித்தாளையும் காக்கித் தாளையும் கம்பியில் சுற்றிப் பசை தடவிப் பட்டாசுக் குழாய் உருட்டுவார்கள். வெறும் காகித வேலை, மருந்துக்கு அங்கே இடமே இல்லை. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்த வாசனை தெரு முனை வரை வரும். உங்களில் பாதிப் பேர் அந்தக் குழாயில் ஒட்டியிருந்த செய்தியைப் படித்துத்தான் தமிழ் எழுத்துக் கூட்டினீர்கள்.

வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி வகைக்கு உருட்டும் பெரிய குழாயில் வாய் கோணியதை மாமா எங்கள் வீட்டுக்குத் தள்ளிவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஆனைக்குட்டம் அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கி, வரியோடிய கல்லாகப் பார்த்துப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வருவார்கள். கன்றின் வேரைக் கழுவி, கல்லின் மேல் விரித்து, களிமண் அப்பி, ஈரச் சணலால் இறுக்கிச் சுற்றி, கல்லோடு குழாய்க்குள் இறக்கி மணலைக் கெட்டிப்பார்கள். வேருக்கு வெளிச்சம் பிடிக்காது. இருட்டில் ஈரம் தேடிக் கீழே ஓடும். ஓடும்போது கல்லைப் பிடிக்கும். மாதம் ஒருமுறை குழாயின் மேல்வாயில் ஒரு விரற்கடை மட்டும் அறுத்து எடுத்து, அந்த அளவுக்கு மணலைத் தட்டிவிட வேண்டும். வெளியே தெரிகிற வேர் மெதுவாகத் தோல் தடித்து மரமாகும். முழுசாகத் திறக்க ஒன்றரை வருஷம், சிலதுக்கு இரண்டு. அதுவரை உள்ளே பிடித்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. கொல்லையில் சார்ப்பு இறக்கி, வரிசையாக நாற்பது குழாய்களை நிறுத்தி, வெயிலுக்கு ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார் அப்பா.

அம்மாவுக்கு அது கண்ணில் விழுந்த தூசி.

“வளர்ற மரத்தக் குட்டையா நிப்பாட்டி வச்சிருக்கீக. வீட்டுல பிள்ள எப்படி வளரும்?” என்பாள். பிள்ளை என்றால் நான். மாதப் பிறப்புக்கு மாதப் பிறப்பு என்னை நிலைக்கதவோரம் நிறுத்தி, தலையில் அடிக்குச்சியை வைத்துப் பென்சிலால் கோடு போடுவாள். மூன்று மாதமாகக் கோடு ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. நாலு விரல் வளர்ந்தால் இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பதாக நேர்ந்திருந்தாள். அம்மா நாலடி ஒன்பது அங்குலம், அப்பா ஐந்தேகால் அடி. இவர்களுக்குப் பிறந்து நான் பனைமரமாகவா போயிருப்பேன்? இப்போது சிரிக்கலாம். அப்போது எனக்கு அது சிரிப்பில்லை. கோ-கோ ஆட்டத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டீர்கள். பிரேயரில் முதல் ஆளாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு நிற்பேன். எனக்கு ‘ஊசி வெடி’ என்று பேர் வைத்தது யார் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாற்பது குழாய்களும் என் எலும்பைப் பிடித்துக் கீழே இழுக்கின்றன என்று நான் முழுமனசாக நம்பினேன்.

இந்த நேரத்தில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் ஒரு சண்டை வந்தது. அந்த நாற்பதில் சேர்க்காமல் தனியாக வைத்து அப்பா மிகவும் ஆசையாக வளர்த்த ஒரு கல்மரத்தின் குழாயை மாமா ஒருநாள் பகலில் வந்து, அப்பா இல்லாத நேரம் பார்த்து, மேலிருந்து கீழே வரை கிழித்துப் பார்த்துவிட்டார். வேர் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இருந்தது அத்தனையும் சாயங்காலத்துக்குள் கறுத்துச் சுருண்டது. அப்பா தெருவில் வைத்து அவரை வைதார்.

“ஏலே, ஆறு மாசம் பொறுக்க முடியாதா ஒனக்கு? யாருகிட்டக் கேட்டுக் கை வச்ச?”

“பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு மாப்ள.”

“இனிமே எங்கொல்லப் பக்கம் வராத.”

மாமா தலையைக் குனிந்துகொண்டு போனார். தண்ணீர்க் குழாயடியில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். நல்ல கூட்டாளிகளுக்குள் வருகிற சண்டைதான். ஒரு வாரம் போனால் ஆற்றுக்குக் கிளம்பியிருப்பார்கள். அந்த ஒரு வாரம் கிடைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வேறொரு ஊரில் ஒரு வீட்டுக்குள் செய்துகொண்டிருந்த வெடி வெடித்து, உள்ளே இருந்தவர்கள் கருகிப்போனார்கள். சத்தம் நமக்குக் கேட்கவில்லை, ஆம்புலன்ஸ் போனதைப் பார்த்தோம். வியாழக்கிழமை பிரேயரில் ஒரு அதிகாரி வந்து பேசினார், ஞாபகம் இருக்கிறதா? வெள்ளைச் சட்டை, கழுத்தில் கைக்குட்டை. “உங்கள் தெருவில் யாராவது வீட்டில் வைத்து வெடி செய்தால் எழுதிப் போடுங்கள். பேர் எழுத வேண்டாம். நீங்கள் எழுதும் ஒரு சீட்டு பத்து உயிரைக் காப்பாற்றும்” என்றார். தலைமையாசிரியர் அறை வாசலில் மேலே ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டப்பாவை வைத்தார்கள்.

கணக்கு நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து நான் எழுதினேன். ‘ஃபோர்மேன் வீட்டுக் கொல்லையில் நாற்பது பெரிய குழாய்கள் இருக்கின்றன. உள்ளே கெட்டித்திருக்கிறார்கள். மேலே சணல் சுற்றியிருக்கிறது. ஈரச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறார்கள்.’

ஒரு பொய் கிடையாது. மரம் என்ற வார்த்தையை மட்டும் எழுதவில்லை. என் வீடு என்றும் எழுதவில்லை.

அப்போது என்ன நினைத்தேன் என்று என்னையே பல தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன். பஞ்சாயத்து வண்டி வந்து குப்பை அள்ளுகிற மாதிரி குழாய்களை அள்ளிக்கொண்டு போகும், அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், நான் வளர்வேன். இதுதான் நான் நினைத்தது. ஆனால் பட்டாசுத் தெருவில் பிறந்த பிள்ளை, கெட்டித்த குழாய் என்றால் படிக்கிறவருக்கு என்ன தோன்றும் என்று தெரியாமலா எழுதியிருப்பேன்? பாதி தெரிந்துதான் எழுதினேன். அந்தப் பாதிக்கு மன்னிப்புக் கிடையாது.

சனிக்கிழமை அப்பா எல்லா மரத்துக்கும் இலையை உருவிவிட்டார். பழைய இலையை எடுத்துவிட்டால் அடுத்து வருவது சிறிதாக வரும். வெயிலுக்குத் தண்டு காயாமல் ஈரச் சணலை அதிலும் சுற்றினார். இப்போது குழாயின் வாயில் இலையும் இல்லை கிளையும் இல்லை. சணல் சுற்றிய ஒரு குச்சிதான் நீட்டிக்கொண்டு நின்றது. திரி வைத்த வெடி நாற்பது நிற்பதாகவே யாரும் சொல்வார்கள். என் சீட்டு அந்த நேரம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜீப்பும் தீயணைப்பு வண்டியும் தெருவுக்குள் வந்தன. அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மா இட்லிச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, சர்டிபிகேட் உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். போலீஸ்காரர்கள் சாக்கைக் கம்பால் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்.

“என்னய்யா இது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“மரம் சார்.”

“என்ன மரம்?”

“அரச மரம் சார். கல்லு மேல வளக்குறது.”

“குழாய்க்குள்ள அரச மரமா? நான் மலையடிவாரத்து வத்திராயிருப்புக்காரன்யா. எனக்கே மரம் காட்டுறியா?”

அம்மா குறுக்கே விழுந்தாள். “மரந்தான் சார். ரெண்டு வருசமா நான் இத வச்சு இவுகள வைஞ்சுக்கிட்டு இருக்கேன் சார். தெருவுல யாரையும் கேளுங்க.” ஒரு போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கேஸ் போட்டால் அப்பா இனி எந்தக் கம்பெனி வாசலையும் மிதிக்க முடியாது. அது அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் அந்த நிமிஷம் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டிய நேரம் அது. நான் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

“ஒண்ணப் பிரிச்சுக் காட்டுறேன் சார்” என்றார் அப்பா. “மத்தத விட்ருங்க. வேரு இன்னும் கல்லப் பிடிக்கல. வெளிய எடுத்தா இன்னைக்கே செத்துரும்.”

“ஒண்ணுல கல்லு இருந்தா மிச்சம் முப்பத்தொம்பதுலயும் கல்லுதான்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணுமா? எல்லாத்தையும் பிரி.”

முதலில் தண்ணீரை அடித்தார்கள். காகிதக் குழாய்கள் ஊறித் தளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. பிறகு எல்லோரும் தள்ளிப்போய் நிற்க, அப்பா மட்டும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். மருந்தைத் தொடுகிற பதனத்தோடுதான் தொட்டார். சணலை அறுக்கவில்லை, முடிச்சை அவிழ்த்தார். ஒன்றில் வேர் கல்லின் வரிக்குள் விரல் விரலாக இறங்கிக் கல்லோடு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து அப்பா ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டார். அடுத்ததைப் பிரி என்றார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் நாற்பது கல்லும் கொல்லையில் கிடந்தன. வெள்ளை வேர்கள் என் கண் முன்னாலேயே சாம்பல் நிறத்துக்குப் போயின. அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றும் அழவில்லை. முகத்தைக் கழுவுகிறேன் என்று தொட்டிப் பக்கம் போனவர் ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்பாமேல் கேஸ் இல்லை. ஆனால் தீயணைப்பு வண்டி வரை வரவழைத்துவிட்டு வெறுங்கையோடு போக முடியாதே. தெருவில் வீடு வீடாக ஏறினார்கள். நாலு வீட்டில் மருந்தும் திரியும் அகப்பட்டன. மூன்று பேரை ஜீப்பில் ஏற்றினார்கள், அதில் ஒருத்தி உங்களில் ஒருவருடைய அம்மா. மாமாவின் கொட்டகைக்குள் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள், அங்கே காகிதத்தைத் தவிர ஒன்றுமில்லை என்பதால். போவதற்கு முன் அப்பாவை ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் ஏதோ பேசி அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் காளியம்மன் கோயில் முன்னால் தெருவே கூடியது. சீசன் நடுவில் எல்லா வீட்டிலும் வேலை நின்றுவிட்டது. போட்டுக்கொடுத்தவன் யார் என்பதுதான் பேச்சு. ஜீப்பில் ஏற்றப்பட்டவளின் புருஷன் நடுவில் எழுந்து நின்றார்.

“பள்ளிக்கூடத்து டப்பால யாரோ எழுதிப் போட்ருக்காக. ஏட்டு சொல்லிட்டாரு. குழாய் எத்தனைன்னு எண்ணி எழுதியிருக்காம். நம்ம தெருப் பிள்ளைக மிஞ்சிப்போனா இருவது இருக்கும். நாளைக்கு நோட்ட வாங்கி எழுத்தப் பாத்தாத் தெரிஞ்சுரும்.”

நாம் எல்லோரும் அடிகுழாய்ப் பக்கம் குத்தவைத்திருந்தோம். என் கையை நானே பிடித்துக்கொண்டேன். முருகன் அட்டை போட்ட நோட்டு வீட்டில் இருந்தது. அதன் நடுப்பக்கம் இல்லாததும், என் எழுத்தின் சாய்வும் கண் முன்னால் வந்து நின்றன. நான்தான் என்று சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஒரு மனசு சொன்னது. நான் எழுந்திருக்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார்.

“பிள்ளைகளப் போயி எதுக்குக் குடையணும்? பிள்ள தானாவா எழுதும்? எழுதச் சொன்னவன் யாருன்னு பாருங்க. எங்கொல்லைல எத்தன குழாயின்னு என்னையத் தவிர ஒருத்தனுக்குத்தான் தெரியும்.”

பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை தலையும் கடைசி வரிசைக்குத் திரும்பியது. குழாயடிச் சண்டையை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கொட்டகைக்குள் போலீஸ் ஏறவில்லை என்பதையும் பார்த்திருந்தார்கள்.

“மாப்ள, என்னையவா சொல்லுத?” என்றார் மாமா.

அப்பா தரையைப் பார்த்தார்.

“ஒம்மகளும் அங்கனதான படிக்குது?” என்று ஒரு குரல் வந்தது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சட்டென்று நம் பக்கம் திரும்பினார். அவர் மகள், ஐந்தாம் வகுப்பு, என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு நடந்தார். குற்றம் செய்தவன்தான் இப்படிப் போவான் என்று கூட்டம் முடிவு கட்டியது. நானும்கூடப் பெருமூச்சு விட்டேன். அப்பா தனக்கே தெரியாமல் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள், சிலர் கல்லெறியவும் செய்தீர்கள். கொட்டகைக்குக் குழாய் உருட்ட யாரும் போகவில்லை. தண்ணீர் பிடிக்கும் வரிசையில் அத்தையின் குடத்தை எடுத்துக் கடைசியில் வைத்தார்கள். அந்தச் சின்னவளிடம் வகுப்பில் யாரும் பேசவில்லை. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு டெம்போவில் சாமான்களை ஏற்றிக்கொண்டு அத்தையின் ஊரான அருப்புக்கோட்டைக்குப் போய்விட்டார்கள். டெம்போ எங்கள் வீட்டைத் தாண்டும்போது அப்பா கொல்லையில் இருந்தார். கன்று எதையும் அவர் அதற்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

நான் வளரவும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள்.

பல வருஷம் ஓடியது. எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், விருதுநகரில் குடித்தனம். அப்பா வேலையை விட்டு என்னோடு வந்து இருந்தபோது ஒருநாள் மாமா இறந்துபோன தகவல் வந்தது. அங்கே ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்தாராம். அப்பா போகலாமா வேண்டாமா என்று காலை முழுக்கச் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா வெளியே பந்தலில் உட்கார்ந்தார். நான் உள்ளே பெண்களோடு உட்கார்ந்தேன். எடுத்து முடித்து, வீடு கழுவி, எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது மாமா மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளும் இரண்டு பிள்ளைக்குத் தாய்.

“அக்கா, எங்கப்பா என்னைய ஒரே ஒரு தடவதான் அடிச்சிருக்காரு. அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு. நீயா எழுதுனன்னு கேட்டு அடிச்சாரு. நான் இல்லப்பான்னேன். கொஞ்ச நேரங்கழிச்சு அவரே வந்து அடிச்ச எடத்துல எண்ணெ தடவிவிட்டு, சரி விடு, இனி இதப் பேச வேணாம்னாரு. நம்பலக்கா. அவரு எழுதச் சொல்லல, அப்ப நாந்தான் எழுதியிருக்கணும்னு நெனச்சுட்டாரு. என்னையக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான் பழிய வாங்கிக்கிட்டு ஊர விட்டே வந்தாரு. நேத்து ஆஸ்பத்திரியில வச்சுக்கூட, ஒம்மேல எனக்குக் கோவமில்ல தாயின்னு சொன்னாரு. எதுக்குச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும்.”

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பி, அப்பாவோடு பஸ் ஏறிவிட்டேன்.

பஸ் ஊரைத் தாண்டும் முன்பே தாங்க முடியவில்லை. “அப்பா, அந்தச் சீட்ட எழுதுனது நான்” என்றேன்.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, “தெரியும்” என்றார்.

“எப்ப இருந்து?”

“அன்னைக்கே ஜீப்புக்கிட்ட வச்சு இன்ஸ்பெக்டரு காட்டுனாரு. ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

“அப்ப மாமாவ ஏம்ப்பா?”

“நோட்ட வாங்கிப் பாப்போம்னு கெளம்பிட்டாக. ஒன்னைய அந்தத் தெரு என்ன செஞ்சிருக்கும்? நீ சின்னப் பிள்ள. அவன் பெரிய ஆளு, தாங்கிக்கிடுவான்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷமும் ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் இதை வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம். ஒரு தடவை அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிப்போய், மாப்ள நீ இல்லடா என்று சொல்லியிருக்கலாமே. ஒரு மணி நேரப் பயணம். ஆனால் அந்தக் கோபத்தை அவர்மேல் காட்ட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? யாருக்காகச் செய்தார்? நான் எழுந்து கண்டக்டரிடம் பஸ்ஸை நிறுத்தச் சொன்னேன்.

“எங்க போற?”

“அவகிட்டச் சொல்லணும்.”

“இனிமேச் சொல்லி என்னத்துக்கு? அவன் போயிட்டான்.”

“அவ இருக்காப்பா.”

அப்பா எழுந்திருக்கவில்லை. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “என்னையப் பத்தி…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் இறங்கிவிட்டேன். எதிர்ப்பக்கம் வந்த முதல் பஸ்ஸில் ஏறித் திரும்பிப் போனேன்.

அவள் வாசலில் பாய்களை உதறிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, சீட்டு, நாற்பது குழாய், என் உயரம், எல்லாம். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். பாயை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு, உள்ளே மாமா படத்துக்கு ஏற்றியிருந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நேத்து வந்து சொல்லியிருக்கலாம்லக்கா” என்றாள். அவ்வளவுதான்.

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாகக் கேட்டாள். “நீங்கதான் எழுதுனீகன்னு ஒங்கப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

“பாவம், அவரும்” என்றாள்.